பதிவேட்டில் இல்லாத செவ்வாய்க்கிழமை

என் நாத்தனார் வாலாம்பாள் இருபத்துநான்கு வருஷம் சம்பளம் இல்லாமல் ஒரு வேலை செய்தாள். மாதுங்காவில் மத்திய வட்டார கோ-கோ சங்கத்தின் கமிட்டி செவ்வாய்க்கிழமை சாயந்தரங்களில் கூடும். ஏழு ஆண்கள் பேசுவார்கள். அவள் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து அவர்கள் பேசியதை எழுதுவாள். அதற்கு ஒரு கப் டீயும் உருளைக்கிழங்கு வைத்த படாட்டா வடை இரண்டும் உண்டு. டீயை அங்கே குடித்துவிடுவாள். வடை பொட்டலமாக என் குழந்தைகளுக்கு வரும்.

போன பிப்ரவரியில் அவள் காலமானாள். ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகாதவள், எங்களோடுதான் இருந்தாள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

துரத்தி ஓடுகிற அந்தக் கோ-கோ ஆட்டத்தை அவள் ஆடியதே இல்லை. அவளுடைய வேலை கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில், ஸ்டெனோ. சுருக்கெழுத்தில் நிமிஷத்துக்கு நூற்று நாற்பது வார்த்தை எடுப்பாள். பக்கத்துக் கட்டடத்தில் இருந்த சுப்ரமணியன், ரயில்வேயில் அதிகாரியாக இருந்தவர், 1961இல் சங்கத்துக்குக் காரியதரிசி ஆனார். இங்கிலீஷில் தப்பில்லாமல் நடவடிக்கைக் குறிப்பு எழுத ஆள் வேண்டும் என்று கேட்டு வந்தார். ஒரு மாதத்துக்கு என்று போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

குறிப்பு எழுதுவதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். கூட்டத்தில் யார் என்ன பேசினாலும் ஒன்று விடாமல் சுருக்கெழுத்து நோட்டில் எடுத்துக்கொள்வாள். மறுநாள் ஆபீசில் சாப்பாட்டு வேளையில் அதைச் சுருக்கி, முடிவுகளை மட்டும் டைப் அடித்து, மினிட்ஸ் புத்தகத்தில் ஒட்டுவாள். அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில் அவளே அதை உரக்கப் படிப்பாள். ஆட்சேபணை உண்டா என்று தலைவர் கேட்பார். யாரும் பேசாவிட்டால் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து விழுந்தபின் மாற்ற முடியாது. புத்தகத்தில் இருப்பது நடந்தது, இல்லாதது நடக்கவில்லை. அவள் எழுதியதில் ஒரு ஆட்சேபணையும் வந்ததில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. வேறு எதிலும் அவள் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை.

1983 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை. வாசலில் ஒரு பெண் ஈரச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். தாராவிப் பெண், வயது பத்தொன்பது. அவளை இசக்கி என்று எழுதுகிறேன். அது அவள் பெயர் இல்லை. அப்பாவுக்கு மில் கேண்டீனில் வேலை. ஸ்டிரைக்கில் மில் மூடி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. இசக்கி சங்கத்தின் பெண்கள் டீமில் ஆடினாள். நாலைந்து பெரிய போட்டிகளின் சர்டிபிகேட் இருந்தால் ரயில்வேயிலோ பேங்கிலோ விளையாட்டுக் கோட்டாவில் வேலை கிடைக்கும். தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வருகிற பெண்கள் எல்லாருமே அதற்காகத்தான் ஓடினார்கள். யார் எந்தப் போட்டிக்குப் போவது என்று தீர்மானிக்கிறவர் பயிற்சியாளர் சங்கரன். திலக் நகரில் வீடு, ஸ்கூலில் டிரில் மாஸ்டர். அவர் டீம் எடுத்தால் கோப்பை நிச்சயம் என்பார்கள்.

"ஆன்ட்டி, ஒரு லெட்டர் எழுதணும். இங்கிலீஷ்ல. நீங்கதான் நல்லா எழுதுவீங்கன்னு சொன்னாவ."

"யாருக்கு?"

"சங்கத்துக்கு."

"சங்கத்துல அதைப் படிக்கப் போறதே நான்தான். வாயால சொல்லேன்."

"வாயால சொன்னா காத்துல போயிரும். எழுதுங்க."

அக்கா பென்சிலை எடுத்தாள். இசக்கி சுவரைப் பார்த்தபடி சொன்னாள். பூனாவில் போட்டி. டீம் ஒரு ஸ்கூலில் தங்கியிருந்தது, சங்கரன் லாட்ஜில். சர்டிபிகேட் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், வா என்று கூப்பிட்டனுப்பினார். அங்கே நடந்ததை அவள் நாலு வாக்கியத்தில் சொன்னாள். அவற்றை நான் இங்கே எழுதவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெறுங்காலோடு ஸ்கூல் வரைக்கும் ஓடியிருக்கிறாள்.

நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். "இப்படிக் கசக்குது. நீங்கள்லாம் இதைத்தான் தினம் குடிக்கியளா?" என்றாள். நான் இன்னும் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டேன்.

"பேர் போடணுமா?" என்று அக்கா கேட்டாள்.

"போடாம? எம் பேரு இல்லன்னா, டீம்ல எடம் கிடைக்காத எவளோ எழுதிட்டாம்பாவ."

"பயமா இல்லையா?"

"பயம் பூனாவோட முடிஞ்சுது ஆன்ட்டி. இப்ப கோவந்தான்."

ஜூலை பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை, அந்தக் கடிதம் கமிட்டியில் படிக்கப்பட்டது. நாற்பது நிமிஷம் பேசினார்களாம். சுப்ரமணியன் கெட்ட மனிதர் இல்லை. ஏழைப் பெண்களுக்குத் தன் கைக்காசில் கேன்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்தவர். அவர்தான் சொன்னார்: "சங்கரனைத் தனியாக் கூப்பிட்டுக் கண்டிச்சுடலாம். இனிமே பொண்ணுகளோட வெளியூர் போகப்படாதுன்னு சொல்லிடலாம். ஆனா புக்ல ஏத்த வேண்டாம். நாளைக்கு அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் காட்சின்னு வரும். புக் நாலு பேர் கைல போறது."

ஏழு பேரும் சரி என்றார்கள். பிறகு தலைவர், அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அக்காவைப் பார்த்து அபிப்பிராயம் கேட்டார். நீங்களும் ஒரு பெண், சொல்லுங்கள் என்றார்.

"பொண்ணு பேர் எழுத்துல வராம இருக்கறதுதான் நல்லது" என்று அக்கா சொன்னாள். என்ன எழுதுவது என்று அவர்கள் யோசித்தபோது வாக்கியத்தை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். "பொது விஷயங்கள் விவாதிக்கப்பட்டன" என்பதுதான் அது.

அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். எங்கள் மாதுங்கா வீடுகளில் ஒரு பெண்ணின் பெயர் அச்சில் வருவது கல்யாணப் பத்திரிகையில், ஒரு தடவை. பரீட்சை ரிசல்ட்டில்கூட நம்பர்தான் வரும். எழுத்தில் வராமல் காப்பாற்றிவிட்டால் பெண்ணையே காப்பாற்றிவிட்டதாக அர்த்தம் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுக்காமலே தெரியும்.

மறுநாள் மைதானத்தில் அக்கா கடிதத்தை இசக்கியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"கிழிச்சுப் போட்டுடும்மா. உன் நன்மைக்குத்தான்."

"அப்ப அவரு?"

"கண்டிச்சாச்சு."

"என்னன்னு கண்டிச்சாவ?"

அக்காவுக்குத் தெரியவில்லை. இசக்கி காகிதத்தை நாலாகக் கிழித்து, துண்டுகளை அவள் கையிலேயே வைத்துவிட்டுப் போனாள். அடுத்த போட்டிக்கான பட்டியலில் அவள் பெயர் இல்லை. தீபாவளிக்குப் பிறகு மைதானத்துக்கு வரவில்லை. தை பிறந்ததுமே பாண்டுப்பில் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம்.

சங்கரன் ஒரு வருஷம் வெளியூர் போகவில்லை. 1984 கடைசியில் நாக்பூர் போட்டிக்குப் பெண்களை அழைத்துப் போக ஆள் கிடைக்கவில்லை. கமிட்டியில் இரண்டு பேர் புதியவர்கள். அவர்கள்தான் சங்கரன் பெயரைச் சொன்னார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. புத்தகத்தைப் புரட்டியிருந்தாலும் தெரிந்திருக்காது. தெரிந்தவர்கள் ஒவ்வொருவரும் இன்னொருவர் சொல்லட்டும் என்று இருந்தார்கள். சுப்ரமணியன் அக்காவைப் பார்த்தாராம். அக்கா நோட்டைப் பார்த்தாளாம். ஏகமனதாக என்று எழுதினாள்.

அன்று வீட்டுக்கு வந்து, "அவரை அனுப்பறா, ருக்கு" என்றாள். யாரை என்று நான் கேட்பதற்குள் குளிக்கப் போய்விட்டாள்.

நாக்பூருக்குப் போன டீமில் சாயிரா என்று ஒரு பெண் இருந்தாள். காலேஜில் படிக்கிறவள். இவள் பெயரை நான் மாற்றவில்லை. மாற்றக் கூடாது என்று அவளே சொல்லியிருக்கிறாள். அப்பா கலீலுல்லாவுக்குத் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். மகள் நாக்பூரிலிருந்து திரும்பி வந்து சொன்ன மறுநாளே பட்டறையைப் பூட்டிவிட்டுச் சங்கத்துக்கு வந்து, எழுத்தில் புகார் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு ரசீது கேட்டார். அந்தச் சங்கத்தில் அதுவரை யாரும் ரசீது கேட்டதில்லை.

பதினைந்து நாளில் பதில் தயாரானது. சுப்ரமணியன் சொல்ல, அக்கா எடுத்தாள். சங்கத்தின் பதிவேடுகளைப் பரிசீலித்ததில் திரு. சங்கரன் மீது இதற்கு முன் எந்தப் புகாரும் வந்ததாகக் காணவில்லை, நீண்ட காலம் களங்கமின்றித் தொண்டாற்றியவர், ஆகவே தனியொருவரின் குற்றச்சாட்டை மட்டும் வைத்து...

அக்காவின் பென்சில் நின்றது.

"என்ன மிஸ் வாலாம்பாள், வேகமாப் போறேனா?"

"வேகம் சரியாத்தான் இருக்கு சார். விஷயம் சரியில்லை."

சுப்ரமணியன் எழுந்துபோய் மினிட்ஸ் புத்தகத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் பிரித்து வைத்தார். "ஜூலை பன்னண்டு. படியுங்கோ. இதை நான் எழுதினேனா, நீங்க எழுதினேளா?"

"நான்தான்."

"அப்பறம்? நான் ஒண்ணும் பொய் சொல்லலையே. புக்ல இருக்கறதைத்தானே சொல்றேன்."

கடைசி வரைக்கும் எடுத்துக்கொண்டாள். ஆனால் டைப் அடித்துக் கொடுக்கவில்லை. அதை அவர் வேறு எங்கோ அடித்துக்கொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தாள். இத்தனை வருஷத்துச் சுருக்கெழுத்து நோட்டுகளும் தேதிவாரியாக அதில் இருந்தன. ஜூலை பன்னிரண்டு மட்டும் ஒன்பது பக்கம். இசக்கியின் பெயர், கடிதம், ஏழு பேரும் பேசியது, சுப்ரமணியன் கண்டித்துவிடலாம் என்றது, தான் சொன்னது, எல்லாம் இருந்தது. அவள் கை பழக்கத்தில் எடுத்திருந்தது. எனக்கு அதை ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள். தன் வாக்கியம் வந்த இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

"இதைக் காட்டினாப் போறுமே" என்றேன்.

"அவ பேர் இருக்கே. அவளைக் கேக்காம எப்படிக் காட்டறது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பாண்டுப் போனோம். இசக்கி தோளில் கைக்குழந்தையோடு கதவைத் திறந்தாள். எங்களைக் கண்டதும் முகம் மாறியது. உள்ளே மாமியார் யாரு யாரு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "என் ஸ்கூல் டீச்சரு அத்தை" என்று சொல்லிவிட்டு எங்களைக் குழாயடிக்குக் கூட்டிப்போனாள்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. இன்னொரு பெண்ணுக்கு நடந்துவிட்டது, உன் புகார் வந்ததே இல்லை என்கிறார்கள், என் நோட்டில் இருக்கிறது, காட்டலாமா என்று கேட்டாள்.

இசக்கி குழந்தையைத் தோள் மாற்றினாள். "கிழிக்கச் சொன்னது நீங்கதான ஆன்ட்டி."

"ஆமாம்."

"அன்னைக்கு எழுதியிருந்தா அது சங்கத்தோட போயிருக்கும். இன்னைக்கு எழுதினா என் வீட்டுக்குள்ள வரும். இவுக அண்ணன் தம்பி நாலு பேரு. ஒரு வார்த்தை காதுல விழுந்தாப் போதும், இதைத் தூக்கிட்டு நான் எங்க போவ?"

"உன் பேர் இல்லாம?"

"பேரு இல்லாம என்ன வேணாலும் செய்யுங்க. எவளோ ஒருத்தின்னு சொல்லுங்க." பிறகு, "அந்தப் பிள்ள எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அக்கா சாயிராவை அதுவரை பார்த்திருக்கவில்லை. தெரியாது என்று சொல்ல நேர்ந்தது.

ரயிலில் திரும்பும்போது அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ரயில் காட்கோபர் தாண்டியது. பிறகு, "அன்னிக்கு அவளுக்கு தைரியம் இருந்தது ருக்கு. அதை நான்தான் பிடுங்கிண்டேன்" என்றாள்.

ஏப்ரலில் சங்கத்தின் வருடாந்திரப் பொதுக்கூட்டம். நீயும் வரியா என்று என்னைக் கேட்டாள். என் கணவர் ஜம்பு போகக் கூடாது என்றார். நான் போகவில்லை. அங்கே நடந்ததைக் கலீலுல்லாதான் பிற்பாடு எனக்குச் சொன்னார். அவருக்கு உள்ளே அனுமதி இல்லை, ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார்.

அக்கா எழுந்து, 1983 ஜூலை பன்னிரண்டாம் தேதிக் குறிப்பு தவறு, எழுதியவள் நான், திருத்த வேண்டும் என்றாள். உறுதி செய்த குறிப்பைத் திருத்த முடியாது என்றார்கள். சரி, திருத்த வேண்டாம், நான் சொல்வதைக் கேட்டு இன்றைய குறிப்பில் எழுதுங்கள் என்றாள். ஆதாரம் கேட்டார்கள். நோட்டைக் காட்டினாள். அதைக் கமிட்டியிடம் ஒப்படையுங்கள், சுருக்கெழுத்து தெரிந்த ஒருவரை வைத்துப் பார்க்கிறோம் என்றார்கள். அதில் பெயர் இருக்கிறது, கொடுக்க மாட்டேன், பெயரை விட்டுவிட்டு நானே படிக்கிறேன் என்றாள்.

"யார் புகார்னு சொல்ல மாட்டேள். எழுதினதையும் காட்ட மாட்டேள். உங்களுக்கு மட்டும் புரியற கிறுக்கலை நாங்க நம்பணும்" என்று ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது. பின்வரிசையில் பழைய ஆட்டக்காரிகள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லாரும் அவளிடம் சர்டிபிகேட் நகல் டைப் அடித்து வாங்கிக்கொண்டு போனவர்கள். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. அந்த வருஷக் குறிப்பு எழுத வேறு ஆள் நியமிக்கப்பட்டது. அவள் உட்கார்ந்திருக்கும்போதே அந்த ஆளிடம் புத்தகத்தைக் கொடுத்தார்கள்.

"தன்னந்தனியா நின்னாவம்மா" என்றார் கலீலுல்லா. "எனக்கு உள்ள போய்ப் பக்கத்துல நிக்கணும்போல இருந்துச்சு. நின்னா அவியளுக்குத்தான் கெட்ட பேரு ஆயிருமோன்னு நின்னுட்டேன்."

ஒரு வாரம் கழித்து அக்கா ஒரு வாக்குமூலம் தயார் செய்தாள். நோட்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. 1983 ஜூலை பன்னிரண்டாம் தேதி சங்கரன் மீது ஒரு பெண் எழுத்தில் கொடுத்த புகார் கமிட்டியில் படிக்கப்பட்டது, அதைக் குறிப்பில் சேர்க்காமல் பொய்யான ஒரு வாக்கியத்தை எழுதியவள் வாலாம்பாளாகிய நான், சொன்னது கமிட்டி, சம்மதித்தது நான். இவ்வளவுதான். கார்பன் வைத்து மூன்று பிரதி.

ஜம்புவுக்குக் கோபம். "உனக்கு என்ன தலையெழுத்து அக்கா? ஆத்துல வயசுக்கு வந்த பொண்ணு இருக்கா."

"அவ பேரையா எழுதியிருக்கேன்? என் பேரைத்தானேடா எழுதியிருக்கேன்."

"உன் பேரும் நம்மாத்துப் பேர்தான்."

"அதுக்கு என்ன பண்ணச் சொல்றே? எனக்கு வேற பேர் இல்லையே."

வாக்குமூலத்தைக் கலீலுல்லா தன் முறையீட்டோடு சேர்த்து, இந்தச் சங்கங்களுக்கெல்லாம் தலைமையான மேல்சங்கத்துக்கு அனுப்பினார். அதன் ஆபீஸ் தாணேயில். விசாரணை என்று தேதி கொடுப்பார்கள். போனால் சங்கரன் வரவில்லை, இன்னொரு தேதி என்பார்கள். அந்த ஆபீசின் வராந்தா பெஞ்சில் அக்கா, கலீலுல்லா, சாயிரா மூன்று பேரும் உட்கார்ந்திருப்பார்கள். அக்கா டப்பாவில் தயிர்சாதம் கொண்டுபோவாள். அவர் ஆரஞ்சு கொண்டுவருவார். ஒரு தடவை நானும் போனேன். அன்றும் தேதிதான்.

"ஆன்ட்டி, இவங்க தேதி மாத்துற வேகத்துல நான் ஓடியிருந்தா இந்நேரம் இந்தியா டீம்ல இருப்பேன்" என்றாள் சாயிரா. அக்கா சிரித்தாள். அந்த ஒரு வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான்.

கடைசியில் விசாரித்தார்கள். சாயிராவை ஒரு மணி நேரம், அக்காவை இரண்டு மணி நேரம். சங்கரனைக் கால் மணி நேரம். அந்தப் பெண் யார் என்று அக்காவை ஆறு தடவை கேட்டார்களாம். ஆறு தடவையும், "அவ சொல்லலாம்னு சொன்னா சொல்றேன். அவ சொல்லலை" என்றாளாம்.

1986 செப்டம்பரில் தீர்மானத்தின் நகல் தபாலில் வந்தது. ஐந்து பக்கம். சங்கரன் உடல்நிலை காரணமாக விலக விரும்புவதை மேல்சங்கம் ஏற்றுக்கொள்கிறது, அவர் மீதான குற்றச்சாட்டு குறித்து மேலும் ஆராய அவசியம் எழவில்லை. காரியதரிசி சுப்ரமணியன் நல்லெண்ணத்தில் செயல்பட்டவர். தண்டனை ஒருவருக்கு மட்டும். 12-7-1983 அன்று கமிட்டிக்கு வந்த புகாரைக் குறிப்பில் சேர்க்காமல் விட்டதற்குக் கௌரவக் குறிப்பாளர் செல்வி வாலாம்பாளே பொறுப்பு என்று அவரே ஒப்புக்கொண்டிருப்பதால், ஐந்து வருஷத்துக்கு எந்தச் சங்கத்திலும் எந்தப் பொறுப்பும் வகிக்கத் தடை.

ஜம்பு படித்துவிட்டுக் காகிதத்தை மேஜைமேல் போட்டார். "பாத்தியா. கடைசில உன் தலைல கட்டியாச்சு."

அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அந்தப் பாராவை மட்டும் மூன்று தடவை படித்தாள். நான் அவள் அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் விரலை ஒரு இடத்தில் வைத்தாள்.

"இங்க பார் ருக்கு. கமிட்டிக்கு வந்த புகாரை விட்டுட்டேன்னு எழுதியிருக்கா."

"ஆமாம். உங்க மேல பழி."

"வராத புகாரை நான் எப்படி விட முடியும்?"

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. இதற்கு முன் எந்தப் புகாரும் இல்லை என்பதுதான் சங்கரனைக் காப்பாற்றிய ஒரே வாக்கியம். அக்காவைத் தண்டிக்க வேண்டுமானால் புகார் வந்தது என்று எழுதித்தான் ஆக வேண்டும். அவர்களே எழுதி, அவர்களே கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்கள். அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு அப்போதே தாராவிக்குக் கிளம்பினாள். இந்தத் தடவை நான் ஜம்புவைக் கேட்கவில்லை, கூடப் போனேன்.

பட்டறையில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கலீலுல்லா நிறுத்தச் சொன்னார். அக்கா அந்த வரியைப் படித்துத் தமிழில் சொன்னாள். அவர் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"இதை வச்சு மறுபடி கேக்கலாம். ஆனா இதைக் கொண்டுபோனா உங்களப் பத்தி எழுதுனதும் சேர்ந்துல்லாம்மா ஊரெல்லாம் சுத்தும்."

"சுத்தட்டும். அது நெஜந்தானே" என்றாள் அக்கா.

இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மேல்சங்கத்தின் பேரவையில் கலீலுல்லா அந்தத் தீர்மானத்தையே எடுத்து வைத்துக் கேட்டார். தாங்கள் எழுதியதைத் தாங்களே இல்லை என்று சொல்ல அவர்களால் முடியவில்லை. 1987 டிசம்பரில் சங்கரனுக்கு வாழ்நாள் தடை. சங்கத்தின் கமிட்டி கலைக்கப்பட்டது. புகார் வந்த நாளிலேயே தனிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், பெயர் மூடிய உறையில் இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள்.

சாயிரா மறுபடி ஆட வரவில்லை. மூன்று வருஷம் போனால் கால் திரும்பி வராது என்றாள். இசக்கிக்கு இது தெரியுமோ தெரியாதோ. போய்ச் சொல்லலாமா, சொன்னால் அவளுக்கு நல்லதா கெட்டதா என்று அக்கா என்னைக் கேட்டாள். ஒரு நாள் அவள் பாண்டுப் ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள் என்பது டிக்கெட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

மாதுங்கா மார்க்கெட்டில் சுப்ரமணியன் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்ப்பார்கள். ஒரே ஒரு தடவை, நான் கூட இருந்தேன், அவர் நின்றார். ரொம்பத் தளர்ந்துபோயிருந்தார்.

"நல்லதுன்னு நெனச்சுத்தானே பண்ணினோம், வாலாம்பாள்" என்றார்.

"ஆமாம் சார். ரெண்டு பேருமா" என்றாள் அக்கா.

செவ்வாய்க்கிழமைகள்தான் அவளுக்குக் கஷ்டம். ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். புடவை மாற்றிக்கொண்டு, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் பால்கனியில் நிற்பாள். மைதானத்தில் போட்டி நடக்கிற சத்தம் அங்கே கேட்கும். போய்ப் பாருங்களேன் என்று நான் சொல்வேன். பார்ப்பதற்குத் தடை ஒன்றும் இல்லை. அவள் போகவில்லை.

1988 மழைக்காலம் முடிந்தபின் சங்கத்தின் புதிய காரியதரிசி வீட்டுக்கு வந்தார். ஜெயினுலாப்தீன், செம்பூரில் ஒரு ஸ்கூலில் கணக்கு வாத்தியார். மரியாதையான மனிதர்.

"அம்மா, புதுசா வந்த பிள்ளைக ரெண்டு வரி சேர்த்து எழுதத் தெரியாம முழிக்குதுக. நீங்க வரணும். உங்க தடையை நீக்கச் சொல்லி நான் எழுதுறேன், ஒரே கூட்டத்துல முடிஞ்சிரும். கமிட்டி முழுக்கச் சம்மதம்."

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். ஒரு கணம் மனசால் அவள் அந்த மேஜையோரம் போய் உட்கார்ந்துவிட்டாள். பிறகு திரும்பி வந்தாள்.

"வேண்டாம்."

"உங்களுக்கு அநியாயமாத்தானம்மா போட்டாங்க."

"அநியாயம் இல்லை. எழுத வேண்டியதை எழுதாம விட்டது நான். மத்தவாளை விட்டுட்டாங்கறதுதான் அநியாயம்."

"அதான் நீக்கிரலாம்னு சொல்றேன்."

"நல்லவ, வேலை தெரிஞ்சவ, பாவம்னு சொல்லி எனக்கு நீக்கினேள்னா, நாளைக்கு இன்னொருத்தருக்கும் அதையே சொல்லிண்டு வருவா. நல்ல கோச், பாவம், வயசாயிடுத்துன்னு. அப்போ உங்களால முடியாதுன்னு சொல்ல முடியாது." காப்பி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். "தொண்ணூத்தொண்ணு செப்டம்பர்ல தடை முடியறது. அதுக்கப்பறம் ஒரு செவ்வாய்க்கிழமை வரேன்."

அவர் போன பிறகு என்னிடம், "அந்த வருஷம் ரிடையரும் ஆயிருப்பேன், சௌகரியமாப் போச்சு" என்றாள்.

1989 பிப்ரவரி பதினெட்டாம் தேதி காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலி என்று உட்கார்ந்தாள். சயான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. தடை முடிய இன்னும் இரண்டு வருஷம் ஏழு மாசம் இருந்தது.